மல்லிகா பெயர் எழுதிய குழாய்

கண்ணு,

உன் கடிதம் வந்து இருபத்திரண்டு நாள் ஆகிறது. வாசலில் காயப்போட்டிருந்த காபிக் கொட்டையை மிதிக்காமல் ஓரமாக நின்று, தபால்காரர் கொடுத்த இடத்திலேயே பிரித்துப் படித்தேன். பிறகு உன் அப்பாவிடம் கொடுத்தேன். அவர் இரண்டு தடவை படித்துவிட்டு, பையன் பெரிதாக ஏதோ செய்கிறான் என்று சொல்லிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். எனக்கு அப்படிச் சந்தோஷப்பட முடியவில்லை. தை மாதம் நீயும் உன்னோடு வேலை செய்கிற நாலு பேரும் வருகிறீர்கள், வாழவந்தியிலும் நாகலூரிலும் செம்மநத்தத்திலும் நம் சொந்தக்காரர்களிடம் ரத்தம் எடுக்க வேண்டும், நான் ஒரு வார்த்தை சொன்னால் எல்லோரும் கொடுப்பார்கள் என்று எழுதியிருக்கிறாய். கொடுப்பார்கள்தான். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு தடவை அந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறேன், கொடுத்தார்கள். அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதை உன் காதில் விழாமல் வைத்திருந்தேன். அதைத்தான் இன்றைக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். இது உனக்கு மட்டும் எழுதுவதில்லை. உன்னோடு வேலை செய்கிறவர்களும் படிக்கட்டும். உன் பேராசிரியரும் படிக்கட்டும்.

அவர் யாரென்று எனக்குத் தெரிந்துவிட்டது. கடிதத்தோடு நீ மடித்து வைத்திருந்த ஆங்கிலத் தாளின் அடியில் அவர் கையெழுத்து இருந்தது. முதல் எழுத்தைப் பெரிய சுழியாகப் போட்டு, கடைசி எழுத்தின் வாலை மேலே தூக்கிவிடுகிற அந்தக் கையெழுத்தில் எனக்கு மூன்று கடிதங்கள் வந்திருக்கின்றன. இரண்டு வருஷமாக 'என் புரொபசர்' என்று எழுதினாயே தவிர, ஒரு தடவைகூட அவர் பெயரை நீ எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்று இப்போது புரிகிறது. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டே உள்ளே போய் இரும்புப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். நான் நம் குடும்பத்து உறவுமுறை எல்லாம் வரைந்து வைத்திருந்த நீல அட்டை நோட்டு அதில் இல்லை. போன பொங்கலுக்கு நீ வந்தபோது பழைய போட்டோ பார்க்கிறேன் என்று அந்தப் பெட்டியைக் கிளறிக்கொண்டிருந்தாய். நான் உனக்கு இனிப்புப் பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தேன். கேட்டிருந்தால் கொடுத்திருப்பேனா என்று தெரியாது. ஆனால் கேட்டிருந்தால் இதையெல்லாம் அன்றைக்கே அடுப்படியில் உட்கார்ந்து உனக்குச் சொல்லியிருப்பேன். பெற்ற பிள்ளை என் பெட்டியிலிருந்து திருடிக்கொண்டு போனான் என்று எழுத என் கை கூசுகிறது. வேறு எப்படி எழுதுவது என்றும் தெரியவில்லை.

உன் சித்தியின் பிரசவத்திலிருந்து தொடங்க வேண்டும். அப்போது நான் நாகலூர் துணை சுகாதார நிலையத்தில் நர்ஸ். மலையிலிருந்து படித்து வேலைக்குப் போன முதல் பெண் என்பதால் எல்லோருக்கும் நான் நர்சக்கா. உன் சித்தியை என் குவார்ட்டர்ஸிலேயே கொண்டுவந்து வைத்திருந்தேன். உன் அப்பா எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர், உன் சித்தப்பா அவருடைய தம்பி. அக்கா தங்கை இரண்டு பேரும் அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டவர்கள் என்பது உனக்குத் தெரியும். ஆனி மாத மழையில் மூன்று நாள் வலியெடுத்து, குழந்தை செத்துப் பிறந்தது. ஊருக்குச் சொல்லி அனுப்பக்கூட பஸ் ஓடவில்லை. அதற்கு மறுநாள் எஸ்டேட் லயன் வீட்டில் தர்மபுரிப் பக்கத்திலிருந்து காபி வேலைக்கு வந்த ஒருத்திக்குப் பெண் குழந்தை பிறந்தது. ரத்தப்போக்கு நிற்கவில்லை. ஜீப்பில் போட்டு சேலத்துக்குக் கொண்டுபோகும்போது கொண்டை ஊசி வளைவிலேயே இறந்துபோனாள். அவளுக்குக் கேட்க ஆள் இல்லை, புருஷன் எங்கேயோ. அந்தக் குழந்தையைத் துணியில் சுற்றி என் அறைக்குக் கொண்டுவந்தேன். பால் கட்டிக்கொண்டு காய்ச்சலில் படுத்திருந்த உன் சித்தி கையை நீட்டினாள். "அக்கா, இவளை ஆருகிட்டயும் குடுத்துராதீங்க" என்றாள். நான் பதிவேட்டில் உன் சித்திக்கு உயிருள்ள பெண் குழந்தை என்று எழுதினேன். அந்தக் குழந்தைதான் மல்லிகா.

உனக்கு இது இப்போதுதான் தெரிகிறது. கொஞ்சம் நிறுத்திவிட்டு மேலே படி. உன்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டு, நீ பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது உன் சட்டையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தவள். சித்திக்கும் சித்தப்பாவுக்கும் எனக்கும் தவிர அப்போது வேறு யாருக்கும் தெரியாது. உன் அப்பாவுக்குக்கூட நான் சொல்லவில்லை.

அந்தப் பிரசவத்துக்குப் பிறகு ஆறு மாதத்தில் சித்திக்கு விரல் முட்டிகள் வீங்க ஆரம்பித்தன. காலையில் எழுந்தால் கையை மடக்க முடியாது. காபிப் பழம் பறிக்கப் போனவள் கூடையைத் தூக்க முடியாமல் உட்கார்ந்துவிடுவாள். உன் தாத்தாவுக்கு உடம்பெல்லாம் வெள்ளைத் திட்டு, வெயில் காலத்திலும் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு திரிவார். நாகலூரில் என் தாய்மாமன் மகன் ஏழு வயதில் சர்க்கரை நோயில் செத்தான். எனக்குக் கழுத்தில் வீக்கம். ஒவ்வொன்றும் ஒவ்வொரு கஷ்டம் என்றுதான் நினைத்திருந்தோம், சிலர் சாமி குத்தம் என்றார்கள். ஒரு நாள் மதராஸிலிருந்து ஒரு டாக்டர் முகாமுக்கு வந்தார். அவர்தான் இன்றைக்கு உன் புரொபசர். சித்தியின் கையைத் தன் கைமேல் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். குடும்பத்தில் வேறு யாருக்கு என்ன என்று ஒவ்வொருவராகக் கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் மாறிக்கொண்டே வந்தது. இதெல்லாம் தனித்தனி வியாதி இல்லை, நோய்க்கிருமியை அடிக்க வேண்டிய ரத்தம் ஆள் தெரியாமல் சொந்த உடம்பையே அடிக்கிறது, ஒருத்தருக்கு மூட்டில், ஒருத்தருக்குத் தோலில், அந்தக் குணம் பரம்பரையில் எப்படி இறங்குகிறது என்று பார்க்கலாம் என்றார். எட்டு வருஷமாக என் தங்கை பட்ட வலிக்குப் பெயர் சொன்ன முதல் ஆள் அவர். நான் அவரைக் கும்பிட்டேன்.

அவர் மூன்று வாக்குக் கொடுத்தார். யார் பெயரும் ஊரும் வெளியே போகாது. என்ன கண்டுபிடித்தாலும் அவரே வந்து சொல்வார். சித்திக்கு நல்ல மருந்து வாங்கிக் கொடுப்பார். இந்த மூன்றையும் நான் வீடு வீடாகச் சுமந்துகொண்டு போனேன். வாழவந்தியில் என் பெரிய மாமா மட்டும் கயிற்றுக் கட்டிலை விட்டு எழுந்திருக்காமல் கேட்டார். "ஏம்மா, ரத்தத்தை எடுத்துக்கிட்டுப் போறவங்க திரும்பி வருவாங்களா?" நான், "வராட்டி நான் இருக்கறனுங்க மாமா" என்றேன். அவர் கையை நீட்டிவிட்டார். நம் ஆட்கள் யாரும் எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடவில்லை. என்னை நம்பி நீட்டிய கைகள்தான். அந்த ரத்தத்தை ஐஸில் வைக்கக்கூடாது, வெயிலும் படக்கூடாது, அதிலுள்ள அணுக்கள் உயிரோடு மதராஸ் போய்ச் சேர வேண்டும் என்பார். தெர்மாக்கோல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இருபது வளைவும் நானே பஸ்ஸில் இறங்கி, சேலம் ஸ்டேஷனில் அவர் ஆளிடம் கொடுத்துவிட்டு வருவேன். மூன்று வருஷம் பனிக்காலத்தில் வந்தார். நம் வீட்டில்தான் சாப்பாடு. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம் என்று குடும்பப்படம் போடுவதற்கு எனக்கும் உனக்கும் சேர்த்துத்தான் சொல்லிக்கொடுத்தார். நீ இந்தப் படிப்புக்குப் போனதற்கு விதை அது என்று உன் அப்பா இன்றைக்கும் பெருமையாகச் சொல்வார்.

இரண்டாவது வருஷம் வந்தபோது, பெரியவர்கள் ரத்தம் மட்டும் போதாது, தாய், தகப்பன், பிள்ளை மூன்று பேருடையதும் வேண்டும் என்றார். பிள்ளைக்குப் பாதி தாயிடமிருந்தும் பாதி தகப்பனிடமிருந்தும் வரும், பொருந்தாவிட்டால் ஒரே நாளில் தெரிந்துவிடும் என்று சிரித்துக்கொண்டே சொன்னார். மல்லிகாவுக்குக் காய்ச்சல் என்று முதல் நாள் தள்ளினேன். மறுநாள் அவர் கிளம்ப வேண்டும், நான்தான் ரத்தம் எடுத்துப் பெட்டியைக் கட்டிக் கொடுக்க வேண்டும். உன்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். உனக்குப் பன்னிரண்டு வயது. ரத்தம் பிடிக்கும் கண்ணாடிக் குழாய் ஒன்று எடுத்து உன் பெயர் எழுதினேன். இன்னொன்று எடுத்தேன். எதற்கு ரெண்டாவது என்று கேட்டாய். "ஒண்ணு ஒடைஞ்சு போச்சு சாமி" என்றேன். நீ அழாமல் கையை மறுபடி நீட்டினாய். அந்த இரண்டாவது குழாயில் மல்லிகாவின் பெயரை எழுதினேன்.

மூன்று மாதம் கழித்து டாக்டரிடமிருந்து கடிதம் வந்தது. பெரியம்மா மகனுக்கும் சித்தி மகளுக்கும் ரத்தத்தில் அப்படியே ஒரே அடையாளம் இருக்கிறது, அக்கா தங்கை அண்ணன் தம்பியைக் கட்டிய குடும்பத்தில் இப்படி அமையலாம் என்றாலும் அபூர்வம், ஆராய்ச்சிக்குப் பெரிய அதிர்ஷ்டம் என்று சந்தோஷமாக எழுதியிருந்தார். நான் அதைப் படித்துவிட்டு மாட்டிக்கொள்ளவில்லை என்று நிம்மதிப்பட்டேன். அவர் என்னை ஏமாற்றினார் என்று நான் சொல்வதற்கு முன்னால், நான் அவரை ஏமாற்றியிருக்கிறேன். அதை மறைத்துவிட்டு அவரைக் குற்றம் சொன்னால் அது நியாயமாகாது.

நாலாவது வருஷம் அவர் வரவில்லை. கடிதம் போட்டேன், பதில் இல்லை. சித்தியின் விரல்கள் வெளிப்பக்கமாகச் சாய்ந்துகொண்டே போயின. சோறு பிசைய முடியாமல் கரண்டியால் சாப்பிட ஆரம்பித்தாள். அவளைக் கூட்டிக்கொண்டு ராத்திரி ரயிலில் மதராஸுக்குப் போனேன். அவர் இருந்த கட்டிடத்தில் காலையிலிருந்து மத்தியானம் வரை வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். வெளியே வந்தவர் என்னை அடையாளம் கண்டு நன்றாகத்தான் பேசினார், மலையில் இப்போது பனியா என்று கேட்டார். அடுத்த மாதம் வெளிநாடு போவதாகச் சொன்னார். சித்தியைப் பார்த்து, இவங்க யாரு என்று கேட்டார். நான் பெயரைச் சொன்னேன். அவருக்கு நினைவில்லை. அவர் படத்தில் அவள் ஒரு நம்பர். மருந்து தருவதாகச் சொன்னீர்களே என்று கேட்டேன். "ஆராய்ச்சி வேற, வைத்தியம் வேற, சிஸ்டர். பெரியாஸ்பத்திரில ஓ.பி. சீட்டு வாங்கிக் காட்டுங்க" என்றார். அன்றைக்கு அங்கே சீட்டுக் கொடுக்கும் நேரம் முடிந்துவிட்டது. திரும்பி வந்து சேலத்தில் இறங்கிய பிறகு சித்தி, "அவருக்கு எத்தனையோ பேருங்கக்கா" என்று அவருக்காகவே பரிந்து பேசினாள். அவள் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

அதோடு போயிருந்தால் மறந்திருப்பேன். ஐந்து வருஷத்துக்கு முன்னால் சேலத்தில் எங்களுக்கு இரண்டு நாள் பயிற்சி வைத்தார்கள். நீ அப்போது கோயம்புத்தூர் ஹாஸ்டலில் இருந்தாய். ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு ஒரு இளைஞர் சுவரில் ஸ்லைடு காட்டினார். நம் டாக்டரிடம் படித்தவராம். பரம்பரையில் வருகிற நோய்கள் என்று பேசிக்கொண்டே அடுத்த படத்தைப் போட்டார். வட்டமும் சதுரமுமாக நம் குடும்பம் சுவர் முழுக்க இருந்தது. தலைப்பில் வாழவந்தி என்று ஊர்ப் பெயர். ஒவ்வொரு வட்டத்துக்கும் கீழே பெயரின் முதல் எழுத்து, வயது. நோய் வந்தவர்களுக்குக் கறுப்படித்திருந்தார்கள். இன்னும் வரவில்லை, ஆனால் ரத்தத்தில் அந்த அடையாளம் இருக்கிறது என்பவர்களுக்கு நடுவில் புள்ளி. உன் சதுரத்தில் ஒரு புள்ளி. மல்லிகாவின் வட்டத்தில் ஒரு புள்ளி. அடுத்த படத்தில் சித்தியின் இரண்டு கைகள், மணிக்கட்டில் பச்சை குத்திய கோலத்தோடு. மலை ஜனங்கள் சொந்தத்திலேயே கட்டிக்கொள்வதால் இப்படி என்று அவர் சொன்னபோது பின்வரிசையில் சிரித்தார்கள். என் பக்கத்தில் நாகலூருக்கு மாற்றலாகி வந்திருந்த நர்ஸ் இருந்தாள், என் முகத்தையும் சுவரையும் மாறி மாறிப் பார்த்தாள். முடிந்ததும் அந்த இளைஞரிடம் போய், யாரைக் கேட்டு அந்தக் கையைக் காட்டினீர்கள் என்றேன். "முகம் தெரியலையே மேடம், அப்புறம் என்ன?" என்றார்.

அப்போது மல்லிகாவுக்கு செம்மநத்தத்தில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தோம். பத்து நாளைக்குள் அந்தப் படத்தைப் பற்றிய பேச்சு மலைக்கு வந்துவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா வந்து சித்தி வீட்டு வாசலிலேயே நின்று பேசினாள். கெட்டவள் இல்லை, கண் கலங்கித்தான் பேசினாள். "பொண்ணு தங்கமான பொண்ணுங்க. எங்களுக்கு நொம்பப் புடிச்சுதான் இருந்துச்சு. ஆனா படத்துல அவளுக்கும் புள்ளி வெச்சிருக்குதாமா. நாளைக்குப் பொறக்கற கொழந்தைக்கு வந்தா ஆருங்க பாக்கறது?" அந்த அடையாளம் இருப்பவர்களில் பாதிக்கு மேல் எந்த நோயும் இல்லாமல் வாழ்ந்து சாகிறார்கள், அது மட்டும் போதாது, வேறு எத்தனையோ காரணம் சேர வேண்டும் என்று நான் எனக்குத் தெரிந்த வரையில் விளக்கினேன். யாரும் கேட்கவில்லை. இதை உன் நெஞ்சில் எழுதி வைத்துக்கொள் கண்ணு. நீங்கள் 'வரலாம்' என்று எழுதுவீர்கள். ஊர் அதை 'வரும்' என்றுதான் கேட்கும். ஆண்பிள்ளைக்கு அந்தப் புள்ளி இருந்தால் யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். உன் சதுரத்தைப் பற்றி இன்றுவரை ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை.

அவர்கள் போன பிறகு சித்தி கேட்டாள். "அக்கா, அந்தப் புள்ளி என்ற மவளுக்கு எப்பிடி வந்துச்சு? அவ நம்ம ரத்தமே இல்லியே." அப்போதுதான் குழாய் மாற்றியதைச் சொன்னேன். அவள் தன் விரல்களைப் பார்த்தாள். "அப்ப அது நம்ம பையன் ரத்தம்" என்றாள்.

அந்த இடத்தில் நான் செய்திருக்க வேண்டியது என்னவென்று உனக்கே தெரிந்திருக்கும். நேராக செம்மநத்தம் போய், குழாயில் பெயர் மாறிப்போய்விட்டது, என் கவனக்குறைவு, அந்த ரத்தம் என் மகனுடையது என்று சொல்லியிருந்தால் போதும். மல்லிகாவின் பிறப்பைப் பற்றி யாரும் கேட்டிருக்க மாட்டார்கள், கல்யாணமும் நின்றிருக்காது. ஆனால் விஷயம் மேலே போனால் என் வேலை போகும். நீ காலேஜில் இருக்கிறாய், உன் பெயரில் அந்தப் பேச்சு ஒட்டிக்கொள்ளும் என்று பயந்தேன். சித்தி என்னைப் போகச் சொல்லவில்லை. இரண்டு நாள் அவள் காத்திருந்தாள். நான் வேலைக்குப் போனேன், வந்தேன், தடுப்பூசி போட்டேன். மூன்றாம் நாள் அவளே மல்லிகாவைக் கூட்டிக்கொண்டு செம்மநத்தத்துக்கு நடந்து போனாள். மாப்பிள்ளை வீட்டுக் கூடத்தில், அந்தப் பெண்ணைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே, "இவ என்ற வயித்துல பொறக்கலீங்க. எங்க ரத்தம் இவளுக்கு இல்லீங்க, பயப்படாம கட்டிக்குங்க" என்று சொல்லியிருக்கிறாள். அந்த வீட்டார் இதை இன்றுவரை வெளியே விடவில்லை.

கல்யாணம் நடந்தது. நீ வந்திருந்தாய், பந்தியில் ஓடியாடிப் பரிமாறினாய். மல்லிகா ஏன் சித்தியிடம் ஆசீர்வாதம் வாங்காமலே வண்டியேறினாள் என்று கேட்டாய், வெட்கப்படுகிறாள் என்று சொல்லிச் சமாளித்தேன். அதற்குப் பிறகு இந்த ஐந்து வருஷத்தில் அவள் சித்தி வீட்டு வாசலை மிதிக்கவில்லை. சித்தப்பா இறந்தபோது மட்டும் வந்து, ஓரமாக நின்றுவிட்டு, தண்ணீர்கூடக் குடிக்காமல் போனாள். நிலத் தகராறு என்று நீ நினைத்துக்கொண்டிருந்தாய், நான் மறுக்கவில்லை.

மல்லிகாவின் கல்யாணத்தை நிறுத்தப் பார்த்த ரத்தம் உன்னுடையது. அதனால்தான் இப்போது வாய் திறக்கிறேன். பழைய குழாய்கள் இன்னும் ஃப்ரீஸரில் பத்திரமாக இருக்கின்றன, புது முறையில் அவற்றை முதலிலிருந்து பார்க்கப்போகிறோம் என்று நீ எழுதியிருந்தாய். அதைப் படித்ததும் எனக்கு இரண்டு விஷயங்கள் உறுத்தின. மூன்று மாதத்தில் தீர்ந்துபோகும் என்று சொல்லி வாங்கிய ரத்தம் பதினைந்து வருஷமாக ஒரு பெட்டிக்குள் இருக்கிறது என்று நம் ஆட்களில் ஒருவருக்கும் தெரியாது. பெரிய மாமா செத்து எரித்தாகிவிட்டது, அவர் ரத்தம் அங்கே இருக்கிறது. இன்னொன்று, மல்லிகா என்று எழுதிய குழாயை நீ திறந்தால் அதில் ஒரு ஆண்பிள்ளை இருப்பான் என்பது உன் மெஷினுக்குத் தெரிந்துவிடும். அது நீதான் என்பதும் தெரிந்துவிடும். பிறகு உன் புரொபசர் காரணம் கேட்பார், நீ துருவுவாய், மல்லிகாவின் கதை மறுபடி ஒரு ஸ்லைடில் ஏறும். அதற்கு முன்னால் நானே சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. நீல நோட்டிலும் அவள் வட்டம் சித்திக்குக் கீழேதான் இருக்கிறது. நீ எடுத்துக்கொண்டு போன நோட்டில் ஒரு கோடு பொய்.

ஆனால் சொல்வதற்கும் எனக்கு உரிமை இல்லை என்று அப்புறம்தான் உறைத்தது. இது என் கதை மட்டும் இல்லையே. போன ஞாயிற்றுக்கிழமை சித்தியிடம் போனேன். நீ யாரிடம் வேலை செய்கிறாய் என்று சொன்னேன். உனக்கு அவர் சோறு போடுகிறாரா, நல்லபடியாக நடத்துகிறாரா என்றுதான் கேட்டாள். பிறகு, "பையன் வந்தா நான் குடுக்கறன். ஆனா என்ன தெரிஞ்சாலும், நல்லதோ கெட்டதோ, என்ற மூஞ்சியப் பாத்துச் சொல்லோணும். மத்தவிங்க சொல்லி நான் கேக்கக் கூடாது" என்றாள். மல்லிகா விஷயத்தை உனக்கு எழுதட்டுமா என்று கேட்டதற்கு, அவளைக் கேளுங்கள் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அங்கிருந்து செம்மநத்தம் போனேன். மல்லிகா இரண்டாவது குழந்தையைக் குளிப்பாட்டித் துவட்டிக்கொண்டிருந்தாள். நான் பேசி முடிக்கிற வரைக்கும் துவட்டினாள். குழாயைச் சொன்னேன். நான் போய்ச் சொல்லியிருந்தால் அவள் அம்மா அதைச் சொல்ல வேண்டியிருந்திருக்காது என்பதையும், பயந்து சும்மா இருந்ததையும் சொன்னேன். அது அவளுக்கு அதுவரை தெரியாது. கத்துவாள் என்று நினைத்தேன். "என்னையக் கேக்காம என்ற பேர அதுல எழுதுனீங்க பெரியம்மா. என்னையக் கேக்காம நான் உங்க ரத்தம் இல்லீன்னு சொன்னீங்க. இப்பத்தான் மொத மொத கேக்கறீங்க" என்றாள். உனக்கு எழுதலாம், உன்னோடு வேலை செய்கிறவர்களும் படிக்கலாம் என்றாள். ரத்தம் கொடுக்க மாட்டாளாம், அவள் பிள்ளைகளிடமும் யாரும் கேட்கக்கூடாதாம். அந்தக் குழாயிலிருந்து அவள் பெயரை எடுத்துவிட வேண்டுமாம். சரி என்று கிளம்பினேன். வாசல்படி தாண்டியபோது கூப்பிட்டாள். "எங்கம்மா கை இப்ப எப்பிடிங்க இருக்குது?" என்று கேட்டாள். நீயே வந்து பார் என்று சொல்ல வாய் வரை வந்தது, சொல்லவில்லை. அதைச் சொல்கிற தகுதியை நான் இழந்து நாளாகிவிட்டது. வலது கை மடங்குவதே இல்லை என்று மட்டும் சொன்னேன். சரிங்க என்று உள்ளே போய்விட்டாள்.

நீ படிப்பை விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. உன் சித்தி மாதிரி எத்தனையோ பேர் காலையில் விரலை மடக்க முடியாமல் அழுகிறார்கள், யாராவது ஒருவர் அதற்கு வழி கண்டுபிடிக்கத்தான் வேண்டும், அது நீயாக இருந்தால் என் வயிறு குளிரும். உன் புரொபசர் பொல்லாதவர் என்றும் சொல்லவில்லை. அவர் நோயைப் பார்த்தார், ஆளைப் பார்க்கவில்லை. நான் ஆளைப் பார்த்துப் பரிதாபப்பட்டேன், அவர்களிடம் கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை. நீ எங்கள் இரண்டு பேரிடமும் வளர்ந்தவன். ஒரு தாளில் கையெழுத்து வாங்கிவிட்டால் கேட்டதாக ஆகிவிடும் என்று உங்கள் இடத்தில் இப்போது நினைக்கிறார்களாம். முடியாது என்று சொன்னால் உனக்குக் கோபம் வராமல் இருக்க வேண்டும். அதுதான் கேட்பது. இந்தக் கடிதத்தில் அவர்களைப் பற்றி இருக்கும் பகுதிகளை சித்திக்கும் மல்லிகாவுக்கும் படித்துக் காட்டிவிட்டுத்தான் தபாலில் போடுகிறேன்.

தை மாதம் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வராதே. தனியாக வா. எந்த வீட்டுக்கும் நான் உன்னோடு வர மாட்டேன், கொடு என்றும் சொல்ல மாட்டேன், கொடுக்காதே என்றும் சொல்ல மாட்டேன். பஸ்ஸை விட்டு இறங்கியதும் நேரே நம் வீட்டுக்கு வர வேண்டாம். முதலில் சித்தி வீட்டுக்குப் போ. அவள் பதினைந்து வருஷமாகக் காத்திருக்கிறாள், அந்த ரத்தத்தில் என்ன இருந்தது என்று ஒருவர்கூட அவளிடம் சொல்லவில்லை. இன்றுவரை நீங்கள் கண்டதை அவளுக்குப் புரிகிற மாதிரி உட்கார்ந்து சொல்லு. அவள் கேட்பதற்கெல்லாம் பதில் சொல்லு, தெரியாததைத் தெரியாது என்று சொல்லு. எவ்வளவு நேரமானாலும் பரவாயில்லை. முடித்துவிட்டு வா, சோறு எடுத்து வைத்திருப்பேன்.

உன் அம்மா